முதியோர் கையில் நலக் கருவி: வேலூர்ப் பகுதியில் பயன்பாட்டுச் சோதனை நடத்தப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

வீட்டிலேயே பிரஷர் பார்க்கும் இயந்திரம், சுகர் பார்க்கும் குளுக்கோமீட்டர், விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர், மாத்திரை வேளையை நினைவூட்டும் கைப்பேசிச் செயலி ஆகியவை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் சிற்றூர்கள் வரை வந்துவிட்டன. ஆனால் கண்புரையோடும் காய்ப்பேறிய விரல்களோடும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கருவியைக் கையில் எடுக்கும் ஒருவரை மனத்தில் வைத்து அவற்றில் பல செய்யப்படவில்லை. அந்தக் குறை எங்கே இருக்கிறது என்பதைக் கருவி விற்பனைக்கு வருவதற்கு முன்பே கண்டுபிடித்துச் சொல்லும் வேலைதான் பயன்பாட்டுச் சோதனை. பொறியியல் மாணவர்கள், செவிலியர்கள், சிறு நிறுவனங்களில் வேலை செய்பவர்கள், தொண்டு நிறுவனப் பணியாளர்கள் என இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஐ.எஸ்.ஓ. 9241-11 என்ற பன்னாட்டுத் தரநிலை 1998இல் வெளிவந்து 2018இல் திருத்தப்பட்டது. குறிப்பிட்ட பயனர்கள், குறிப்பிட்ட சூழலில், குறிப்பிட்ட குறிக்கோளை எவ்வளவு சரியாக, எவ்வளவு சிரமமின்றி, எவ்வளவு மனநிறைவோடு அடைகிறார்கள் என்பதையே அது பயன்பாட்டுத் தன்மை என்கிறது. இந்த வரையறையில் ‘குறிப்பிட்ட’ என்பதை விட்டுவிட்டால் சோதனைக்குப் பொருளே இல்லை. சென்னையில் குளிரூட்டிய அறையில் மேசைமேல் வைத்துச் சோதித்த கருவியைப் பற்றி, ஒடுகத்தூரில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து அதைப் பயன்படுத்தும் ஆயாவுக்கு எதுவும் சொல்ல முடியாது.

இந்தப் பகுதியில் இத்தகைய சோதனைகளைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று முதியவரின் மரியாதை. மற்றொன்று நம்முடைய உதவும் குணம். வீடு தேடி வந்தவரின் மனம் நோகக் கூடாது என்று, ஒரு பொத்தானைக்கூடச் சரியாக அழுத்த முடியாமல்போன பெரியவர் “நல்லாகீதுப்பா, ஒண்ணும் கஷ்டமில்ல” என்பார். அவர் தடுமாறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் நம் கை தானாக நீண்டு அந்தப் பொத்தானை அழுத்திவிடும். இரண்டும் நல்ல குணங்களே. இரண்டுமே கருவியின் குறையை மறைத்துவிடுகின்றன. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இவ்விரண்டையும் சோதனை நேரத்தில் சற்றே தள்ளிவைப்பதற்கான ஏற்பாடு என்று கொள்ளலாம்.

கருவியைப் படிகளாகப் பிரித்தல்

ஊருக்குப் போவதற்கு முன், கருவியை எடுத்து உட்கார்ந்து, அதைப் பயன்படுத்துவதில் உள்ள ஒவ்வொரு செயலையும் வரிசையாக எழுதுங்கள். பிரஷர் இயந்திரத்தில் பொத்தானை அழுத்துவது ஒரே ஒரு படிதான். பேட்டரி போடுவது, பட்டையின் குழாயை இயந்திரத்தில் செருகுவது, பட்டையைச் சரியான பக்கம் வைத்து மேற்கையில் சுற்றுவது, அது இதய மட்டத்தில் இருக்குமாறு கையைத் தாங்கி வைப்பது, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருப்பது, அளக்கும்போது பேசாமல் இருப்பது, திரையில் வரும் மூன்று எண்களில் எது எது என்று பிரித்தறிவது, அதைக் குறித்துவைப்பது அல்லது நினைவில் வைத்து மருத்துவரிடம் சொல்வது ஆகிய எல்லாமே படிகள்தான்.

பிறகு ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில், அது தவறினால் உடலுக்கு என்ன நேரும் என்று எழுதுங்கள். நேரம் குறைவாக இருக்கும் சோதனையில் எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பதை இந்தப் பட்டியலே சொல்லிவிடும். மருத்துவக் கருவிகளின் பயன்பாட்டுப் பொறியியலுக்கான ஐ.இ.சி. 62366-1 என்ற 2015ஆம் ஆண்டுத் தரநிலையும் இதே வழியில்தான் செல்கிறது: தீங்கு நேரக்கூடிய பயன்பாட்டு நிலைகளை முதலில் அடையாளம் கண்டு, சோதனையை அவற்றின் மீது குவிக்கச் சொல்கிறது. திரையின் நிறம் பிடித்திருக்கிறதா என்று கேட்டு அரைமணி நேரத்தைச் செலவழித்துவிட்டு, இயந்திரத்தின் நினைவகத்தில் கிடக்கும் வேறொருவரின் பழைய அளவைத் தன்னுடையது என்று பாட்டி படித்ததைக் கவனிக்காமல் வருவதால் பயனில்லை.

யாரை வைத்துச் சோதிப்பது

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இன்படி 60 வயது நிறைந்தவர் மூத்த குடிமகன். சோதனைக்கு வயது ஒன்றே போதாது. 62 வயதில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் 78 வயதில் தனியாக வாழும் விவசாயக் கூலித் தொழிலாளியும் ஒரே வரிசையில் வரமாட்டார்கள். பார்வை, செவித்திறன், விரல்களின் நிலை, எழுத்தறிவு, வீட்டில் பேசும் மொழி, கைப்பேசிப் பழக்கம், வீட்டில் உடனிருப்போர் ஆகியவற்றில் வேறுபடுகிறவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வட ஆர்க்காட்டின் தொழில்கள் இந்த வேறுபாட்டைக் கைகளிலேயே எழுதி வைத்திருக்கின்றன. பல ஆண்டுகள் பீடி சுற்றிய பெண்களின் விரல்கள் நுணுக்கமான வேலைக்குப் பழகியவை. குளுக்கோமீட்டரின் சோதனைப் பட்டை போன்ற சிறிய பொருளை அவர்கள் எளிதாகப் பிடித்துவிடலாம், ஆனால் கண் ஒத்துழைக்காமல் போகலாம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளிலும் வயல்களிலும் உழைத்த கைகளில் தோல் தடித்துக் காய்ந்திருக்கும். தொடுதிரை விரலின் மின்னூட்டத்தை உணர்ந்துதான் வேலை செய்கிறது. காய்ந்து தடித்த தோலை அது பல சமயம் உணர்வதில்லை. அந்தப் பெரியவர் மீண்டும் மீண்டும் அழுத்துவார், பிறகு பலமாக அழுத்துவார், பிறகு தனக்குத் தெரியவில்லை என்று சொல்லிக் கருவியைக் கீழே வைத்துவிடுவார். தவறு திரையில் இருக்க, பழியை அவர் தன்மீது போட்டுக்கொள்வார்.

விரலில் உணர்ச்சி குறைந்தவர்களையும் சேர்க்க மறக்காதீர்கள். நெடுநாள் நீரிழிவில் நரம்பு பாதிக்கப்பட்டவர்கள் இப்பகுதியிலும் நிறைய உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கும் அறுவை சிகிச்சையைத் தொடங்கியபோது, அவர்களின் விரல்கள் சிதைவதற்கு வலி உணர்வை இழந்து தொடர்ந்து காயம்படுவதே பெரிய காரணம் என்று காட்டினார். அந்தப் பாடம் கருவி செய்கிறவர்களுக்கும் உரியது: பொத்தான் அழுந்தியதை விரல் உணரும் என்று எதிர்பார்க்கும் கருவி, உணர்ச்சியற்ற விரலுக்கு எந்தப் பதிலும் தருவதில்லை. அழுந்தியதைக் கண்ணாலும் காதாலும் அறிய வழி இருக்கிறதா என்று பார்ப்பது சோதனையின் ஒரு பகுதியாக வேண்டும்.

மொழியிலும் இந்த ஊர் ஒருதன்மையானது அன்று. குடியாத்தம், காட்பாடி வட்டாரங்களில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் உருது பேசுகிறவர்கள் மிகுதி. தமிழில் குரல் வழிகாட்டுதல் இருந்தால் போதும் என்று முடிவுகட்டுமுன் இவர்களிடமும் கருவியைக் கொடுத்துப் பாருங்கள். எழுத்துத் தெரியாதவர்கள் பலருக்கு எண்கள் நன்றாகத் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். பேருந்து எண்ணும் ரூபாய்க் கணக்கும் அவர்களுக்குப் பழக்கம்.

எத்தனை பேர் தேவை என்று புதியவர்கள் முதலில் கேட்பார்கள். பயன்பாட்டு ஆய்வாளர்களான நீல்சனும் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட கணக்கின்படி ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதக் குறைகளை வெளிப்படுத்துகிறார். ஐந்து பேரில் ஏறத்தாழ 85 சதவீதம் வெளிவந்துவிடும். இது சராசரிதான். ஃபாக்னர் என்ற ஆய்வாளர் 2003இல் 60 பயனர்களை வைத்துச் செய்த ஆய்வில், சில ஐவர் குழுக்கள் ஏறக்குறைய எல்லாக் குறைகளையும் கண்டன. சில 55 சதவீதத்தோடு நின்றுவிட்டன. முதியோருக்கிடையே வேறுபாடு அதிகம் என்பதால் ஒரு சுற்றுக்கு எட்டுப் பேர் என்று வைத்து, குறைகளைத் திருத்தி, மறுபடியும் எட்டுப் பேரிடம் போவது என் அனுபவத்தில் நல்ல வழி. கருவி ஒப்புதலுக்குச் செல்லும் கடைசிச் சோதனையாக இருந்தால் கணக்கு வேறு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல், ஒவ்வொரு பயனர் பிரிவிலும் குறைந்தது 15 பேரை எதிர்பார்க்கிறது.

பிரிவு என்பதைக் கவனியுங்கள். முதியவர் ஒரு பிரிவு. அவருக்காகக் கருவியைக் கையாளும் மருமகளும் பேரனும் இன்னொரு பிரிவு. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடுவீடாகச் சென்று பிரஷரும் சுகரும் பார்க்கும் தன்னார்வலர்கள் மூன்றாவது பிரிவு. மூவருக்கும் ஒரே கருவி மூன்று விதமாகச் சிரமம் தரும். மூவரையும் கலந்து எட்டுப் பேர் என்று கணக்குக் காட்டக் கூடாது.

ஆட்களைத் தேடும்போது ஊராட்சித் தலைவர் காட்டும் நாலு வீட்டோடு நிறுத்திவிடாதீர்கள். அவர் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் நன்றாகப் பேசுகிறவர்களாகவும் வெளியாட்களோடு பழகியவர்களாகவும் இருப்பார்கள். ரேஷன் கடை வரிசை, கோயில் மண்டபம், பள்ளிவாசல் முற்றம், நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரை ஆகிய இடங்களில் கிடைக்கும் அறிமுகம் வேறு வகையான முதியவர்களிடம் கொண்டு சேர்க்கும்.

ஒப்புதலும் பாதுகாப்பும்

மருத்துவமனையோடோ கல்லூரியோடோ சேர்ந்து நடத்தும் சோதனையாக இருந்தால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் தொடங்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் பெறும்போது சோதனையோடு தொடர்பில்லாத, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும் என்கின்றன. கைரேகை வாங்கினால் மட்டும் போதாது. மகன் சம்மதித்துவிட்டார் என்பதும் தாயின் சம்மதம் ஆகாது. ஒப்புதல் தாளை நிதானமாகப் படித்துக் காட்டிவிட்டு, “நாங்க எதுக்கு வந்திருக்கோம்னு உங்க வாயால சொல்லுங்கம்மா” என்று கேளுங்கள். மருந்து கொடுக்க வந்திருக்கிறோம் என்றோ, பென்ஷன் கணக்கெடுப்பு என்றோ அவர் சொன்னால், மறுபடியும் முதலிலிருந்து விளக்க வேண்டும். விருப்பமில்லாவிட்டால் பாதியில் எழுந்து போகலாம், அதனால் அவருக்குக் கிடைக்கும் சிகிச்சையில் எந்த மாற்றமும் வராது என்பதைத் தனியாக அழுத்திச் சொல்லுங்கள். கூலி வேலையை விட்டு வந்தவருக்கு அந்த நேரத்துக்கான பணத்தைச் சோதனை தொடங்குமுன்பே கொடுத்துவிடுவது நல்லது. முடிந்தபின் கொடுத்தால், நன்றாகச் செய்ததற்குக் கிடைத்த கூலி என்று எண்ணி நம்மை மகிழ்விக்க முயல்வார்.

குளுக்கோமீட்டரைச் சோதிக்க விரலைக் குத்தித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கருவியின் சரியளவைப் பார்ப்பதற்காக நிறுவனங்கள் தரும் கட்டுப்பாட்டுத் திரவத்தின் ஒரு துளி, பட்டையைச் செருகுவது முதல் எண்ணைப் படிப்பது வரை எல்லாப் படிகளையும் பார்க்கப் போதும். குத்துவதையே சோதிக்க வேண்டியிருந்தால் ஒவ்வொருவருக்கும் புதிய, ஒருமுறை மட்டும் பயன்படும் ஊசி வேண்டும். குத்தும் கருவியை இருவருக்குப் பொதுவாக்கவே கூடாது. பயன்படுத்திய ஊசி, துளைபடாத வெள்ளைக் கலனுக்குள்தான் போக வேண்டும்.

சோதனையின் நடுவே பிரஷர் 180/120ஐத் தாண்டி வந்தால் என்ன செய்வது என்பதை அங்கே யோசிக்கக் கூடாது. முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். சோதனையை நிறுத்திவிட்டு அவரை அமைதியாக உட்காரவைத்துச் சில நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, அப்போதும் அப்படியே இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள். குழுவில் ஒரு செவிலியராவது இருப்பது இதனால்தான்.

இடமும் நேரமும்

சோதனையை அவர் வீட்டிலேயே நடத்துங்கள். கோடையில் வேலூரின் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஏப்ரல், மே மாதங்களில் காலை பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களைக் காலையில் பிடிக்க முடியாது என்பதால் அவர்களுக்கு மாலை வேண்டும். வைகாசி முதல் நாளையொட்டிய கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நாட்களில் குடியாத்தத்திலும், ஆடிக் கிருத்திகை நாட்களில் முருகன் கோயில் உள்ள ஊர்களிலும் யாரும் கிடைக்கமாட்டார்கள்.

வீட்டில் அவர் எங்கே, எப்படி உட்காருகிறாரோ அப்படியே உட்காரட்டும். இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரஷர் இயந்திரத்தோடு வரும் தாளில், நாற்காலியில் முதுகு சாய்த்து மேசைமேல் கையை நீட்டிய ஒருவரின் படம் இருக்கும். மேசையும் நாற்காலியும் இல்லாத வீட்டில், தரையில் அமர்ந்த பாட்டி கையை மடியில் வைத்துக்கொள்வார். பட்டை இதய மட்டத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே இறங்கினால், அளவு ஏறக்குறைய 7 முதல் 8 மி.மீ. பாதரசம் வரை கூடிக் காட்டும். ரவிக்கையின் கைப்பகுதியைச் சுருட்டி மேலே ஏற்றினால் அது கயிறு கட்டியதுபோல் கையை இறுக்கும். மெலிந்த மேற்கையின் சுற்றளவு 22 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்கும்போது, பல இயந்திரங்களோடு வரும் நடுத்தரப் பட்டை பெரிதாகிவிடுவதால் அளவு குறைத்துக் காட்டக்கூடும். ஒரே வீட்டில் ஒரே பாட்டியிடம் இந்த மூன்றும் சேர்ந்து நிகழ முடியும். திரையில் மட்டும் ஐயமற்ற ஓர் எண் ஒளிரும். நாம் நாற்காலியைக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டால் இவற்றில் எதுவுமே நம் கண்ணில் படாது.

வெளிச்சத்தையும் மாற்றாதீர்கள். வயதாகும்போது கண்ணின் வில்லை மஞ்சளித்துவிடுவதால் நீலத்தையும் பச்சையையும் பிரித்தறிவது கடினமாகிறது; ஓட்டு வீட்டின் மங்கலான அறையில் இது இன்னும் கூடும். காதில் முதலில் குறைவது உச்சத் தொனிகளைக் கேட்கும் திறன். கருவிகளின் கீச்சென்ற எச்சரிக்கை ஒலி நமக்கு எரிச்சலூட்டும் அளவுக்குக் கேட்கும்போதே பக்கத்தில் இருக்கும் தாத்தாவுக்குச் சற்றும் கேட்காமல் போகலாம்.

பணிகளை எழுதுதல்

‘மெமரி பொத்தானை அழுத்தி முந்தைய அளவைப் பாருங்கள்’ என்று பணி கொடுத்தால், விடையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டோம். “நாளைக்கு டாக்டர்கிட்ட போறீங்க. நேத்து பிரஷர் எவ்வளவு இருந்துச்சுன்னு அவர் கேப்பாரு. இதுல பாத்துச் சொல்லுங்க” என்பது பணி. பொத்தானின் பெயரோ, திரையில் உள்ள சொல்லோ பணியில் வரக் கூடாது. ஒரு முதியவருக்கு நாலைந்து பணிகளும் முக்கால் மணி நேரமும் போதும். அதற்கு மேல் களைப்பு அளக்கப்படுமே தவிர, கருவி அளக்கப்படாது. முதல் பணி எளிதாக இருக்கட்டும். எழுதிய பணிகளை முதலில் உங்கள் சொந்த வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள்.

நடத்துதல்

மூன்று பேருக்கு மேல் போகாதீர்கள்: பேசுகிறவர் ஒருவர், எழுதுகிறவர் ஒருவர், செவிலியர் ஒருவர். பேசுகிறவர் கருவியை உருவாக்கியவராக இருக்கக் கூடாது. அப்படியே இருந்தாலும் அதை அந்த வீட்டில் சொல்லக் கூடாது. சொன்ன கணத்திலேயே பாராட்டு தொடங்கிவிடும். தொடக்கத்தில் இப்படிச் சொல்லலாம்: “ஐயா, இந்த மெஷின் எங்க எங்க சரியில்லன்னு கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கோம். உங்களுக்குப் பரீட்சை எதுவும் இல்ல. நீங்க எங்க நின்னுட்டாலும் அது மெஷினோட குத்தம். அந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தீங்கன்னா எங்களுக்குப் பெரிய உதவி.” உதவி என்று கேட்கும்போது பெரியவர்கள் நம் பக்கம் வந்துவிடுகிறார்கள், நாம் எதிர்பார்க்கும் பதிலைத் தேடுவதை விட்டு, குறையைத் தேடத் தொடங்குகிறார்கள்.

செய்துகொண்டே மனத்தில் ஓடுவதைச் சொல்லச் சொல்வது இத்துறையின் பழைய முறை; ஐ.பி.எம். நிறுவனத்தில் கிளேட்டன் லூயிஸ் 1982இல் இதை இடைமுகச் சோதனைக்குக் கொண்டுவந்தார். நம் முதியவர்கள் பலருக்கு ஒரே நேரத்தில் கையால் செய்வதும் வாயால் சொல்வதும் பாரமாகிவிடுகிறது. பிரஷர் பார்க்கும்போது பேசினால் அளவே மாறிவிடும் என்ற தடையும் உண்டு. இரண்டு மாற்று வழிகள் நன்றாகப் பயன்படுகின்றன. செய்து முடித்தபின், எடுத்த காணொளியை அவருக்கே போட்டுக் காட்டி, ‘இங்கே கையை ஏன் பின்னால் இழுத்தீர்கள்’ என்று கேட்பது ஒன்று. பக்கத்து வீட்டுத் தோழியையும் சேர்த்து உட்காரவைத்து, இருவரையும் ஒன்றாகச் செய்யவைப்பது மற்றொன்று. இரண்டாவது வழி நம் ஊருக்கு மிகவும் பொருந்துகிறது. நம்மிடம் “நல்லாகீது” என்று முடித்துவிடுகிற அம்மா, தோழியிடம் “இன்னாடி இது, ஒண்ணுமே தெரியல, கறுப்பா வந்து போயிட்ச்சு” என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார்.

தடுமாறும்போது என்ன செய்வது என்பதே புதியவர்களுக்கு மிகக் கடினமான பகுதி. உதவியைப் படிகளாக்கி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மனத்துக்குள் முப்பது வரை எண்ணிக் காத்திருங்கள். பிறகு, “இப்ப என்ன பண்ணலாம்னு தோணுதும்மா?” என்று மட்டும் கேளுங்கள். அப்போதும் நகராவிட்டால், இடம் சொல்லாமல், “மெஷினை இன்னொரு தடவை பாருங்களேன்” என்று சொல்லுங்கள். அதன் பிறகே இடத்தைச் சுட்டலாம். கடைசியாகத்தான் செய்து காட்டலாம். எந்தப் படிவரை இறங்கினீர்கள் என்பதை எழுதுகிறவர் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் முகத்தில் அவமானம் தெரிந்தால் எண்ணுவதை நிறுத்திவிட்டு உடனே உதவுங்கள்; எந்தக் குறிப்பும் அவருடைய மானத்தைவிடப் பெரியதன்று.

வீட்டார் ஒரு தனிச் சவால். “தாத்தா, இப்படி இல்ல, குடு” என்று பேரன் கருவியைப் பிடுங்கிவிடுவான். அவனை விரட்டாமல், அவனுக்கும் தனியே ஒரு சோதனை உண்டு என்று சொல்லி வேறு அறையில் இன்னொரு கருவியைக் கொடுத்து உட்காரவையுங்கள்.

எதைப் பார்ப்பது

வாயைவிடக் கையைப் பாருங்கள். குளுக்கோமீட்டர் பட்டையைச் செருகும் அரை நிமிடத்தை எடுத்துக்கொள்வோம். மூடியைத் திறந்ததும் நாலைந்து பட்டைகள் ஒன்றாக வெளியே சரியும். ஒன்றை எடுத்து, எந்த முனை உள்ளே போக வேண்டும் என்று தெரியாமல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்; அதில் உள்ள அம்புக்குறி எறும்பளவுகூட இருக்காது. தலைகீழாகச் செருகுவார், கருவி எந்த எதிர்ப்பும் காட்டாமல் உள்ளே வாங்கிக்கொள்ளும், ஆனால் இயங்காது. மீண்டும் எடுத்துத் திருப்பிச் செருகுவதற்குள் மூடி திறந்தே கிடக்கும். காற்றின் ஈரம் பட்ட பட்டைகள் பிறகு தவறான அளவைக் காட்டலாம். துளியைப் பட்டையின் முனையில் தொடாமல் மேலே வைத்துத் தேய்ப்பார். இதற்கிடையில் கருவி தானாக அணைந்துவிடும். இத்தனையும் நடந்தபின் “எப்படி இருந்தது?” என்று கேட்டால், “பரவால்ல” என்பதே பதிலாக வரும். சோதனையின் செல்வம் முழுவதும் அந்த அரை நிமிடத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் காணொளி முகத்தைவிட்டுக் கையை நோக்கி இருக்க வேண்டும். முகம் பதிவாகாமல் இருப்பது அந்தரங்கத்துக்கும் நல்லது.

படித்த எண்ணை அவர் வாயால் சொல்லவைத்துச் சரிபாருங்கள். நாடித்துடிப்பைப் பிரஷர் என்று படிப்பதும், திரையின் மூலையில் உள்ள நேரத்தை அளவு என்று படிப்பதும் இயல்பாக நடக்கக்கூடியவை. சர்க்கரை அளவு மிகக் குறைந்தபோது எண்ணுக்குப் பதிலாக ஆங்கில எழுத்து வரும் கருவிகளில், அது ஆபத்தின் அறிகுறி என்று புரிகிறதா என்றும் பாருங்கள். ஒரு டெசிலிட்டருக்கு 70 மி.கி.க்குக் கீழே சர்க்கரை இறங்கியவர் உடனே ஏதாவது இனிப்பு சாப்பிட வேண்டிய நேரத்தில், மெஷின் கெட்டுவிட்டது என்று எடுத்துவைத்துவிடக் கூடாது.

கடைசியில் கருத்துக் கேட்கும்போது, ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய பத்து வாக்கிய மதிப்பீட்டுத் தாளைத்தான் பலரும் எடுப்பார்கள். நூற்றுக்கு 68 என்பது அதில் சராசரியாகக் கொள்ளப்படுகிறது. அதில் ஒன்றுவிட்டு ஒன்றாக எதிர்மறை வாக்கியங்கள் வருகின்றன. படித்துக் காட்டி, ‘முழுக்க ஒத்துக்கொள்கிறேன்’ முதல் ‘சற்றும் ஒத்துக்கொள்ளவில்லை’ வரை ஐந்து நிலைகளில் பதில் கேட்கும்போது முதியவர்கள் குழம்பி எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பார்கள். அந்த எண்ணை நம்பி முடிவெடுப்பதைவிட, “பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பீங்க?” என்று கேட்டுச் செய்துகாட்டச் சொல்வதை நான் பெரிதும் நம்புகிறேன். எந்தப் படியை விட்டுவிடுகிறாரோ, எதைத் தவறாகச் சொல்லித் தருகிறாரோ, அங்கே கருவி தன்னை விளங்கவைக்கத் தவறியிருக்கிறது. முடிந்தால் ஒரு வாரம் கழித்துப் போய் அதே பணியை மறுபடியும் கொடுங்கள். அன்று புரிந்தது இன்று நினைவில் இருக்கிறதா என்பது வீட்டுக் கருவிக்கு மிக முக்கியம்.

குறிப்புகளைத் தொகுத்தல்

அன்றைய குறிப்புகளை அன்றிரவே உட்கார்ந்து தொகுத்துவிட வேண்டும். ‘பயனருக்குப் புரியவில்லை’ என்று எழுதாதீர்கள். ‘பட்டையைத் தலைகீழாகச் செருகியபோது கருவி எந்த அறிகுறியும் காட்டவில்லை, மூன்று முறை முயன்றபின் கைவிட்டார்’ என்று எழுதினால், வடிவமைப்பாளருக்கு எதை மாற்ற வேண்டும் என்பது தெரியும். குறைகளை வரிசைப்படுத்தும்போது எத்தனை பேருக்கு நேர்ந்தது என்பதைவிட, நேர்ந்தால் என்ன தீங்கு என்பதை முன்னால் வையுங்கள். எட்டில் ஏழு பேர் பேட்டரி மூடியைத் திறக்கச் சிரமப்பட்டதைவிட, ஒரே ஒருவர் பழைய அளவைப் பார்த்துவிட்டு மாத்திரையைக் கூட்டிப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டது மேலே வர வேண்டும்.

பெயர், ஊர், கைப்பேசி எண் ஆகியவற்றைக் குறிப்புகளிலிருந்து பிரித்துத் தனியே பூட்டி வையுங்கள். கருவியின் நினைவகத்தில் பதிந்த அளவுகளை அடுத்த வீட்டுக்குப் போகுமுன் அழித்துவிடுங்கள். காணொளிகளை வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்வதை முதல் நாளே தடுத்துவிட வேண்டும்.

திருத்திய கருவியோடு இரண்டாம் சுற்றுக்குப் போகும்போது பாதிப் பேர் புதியவர்களாகவும் பாதிப் பேர் முதல் சுற்றில் இருந்தவர்களாகவும் இருப்பது நல்லது. திருத்தம் முதல் பார்வையிலேயே புரிகிறதா என்பதைப் புதியவர்கள் காட்டுவார்கள். ஏற்கெனவே சிரமப்பட்டுக் கற்றுக்கொண்டதை அந்தத் திருத்தம் குலைத்துவிட்டதா என்பதைப் பழையவர்கள் சொல்லிவிடுவார்கள். தாம் காட்டிக் கொடுத்த இடம் மாறியிருப்பதைப் பார்த்துவிட்டு, போன தடவை மரியாதைக்காகச் சொல்லாமல் விட்ட மற்ற இரண்டு குறைகளையும் சேர்த்துச் சொல்வார்கள்.